இழை: தொல்லியலை மக்களிடம் சொல்லும் மாணவருக்கு ஒரு சொல்

இராயபுரம்:

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் பழைய நகரச் சுவர் மிஞ்சியிருக்கும் மாடிப் பூங்கா, பழைய குடிநீர்க் கிணறுகளின் ஏழுகிணறு, இராயபுரம் ரயில் நிலையம் ஆகிய மூன்றையும் சேர்த்து, கல்லூரி மாணவர்களுக்கான ஆறு வாரக் கையேடு ஒன்று தயாராகிறது. தோண்டுவது இவர்கள் வேலை இல்லை. தோண்டியவர் கண்டதைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். நடைவழி காட்டுவார்கள், விளக்கப் பலகை எழுதுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் கையில் பானை ஓட்டைக் கொடுத்துப் பேசுவார்கள், ரீல்ஸ் போடுவார்கள். ஆங்கிலத்தில் துறைக்குப் பெயர் பப்ளிக் ஆர்க்கியாலஜி, மாணவருக்குப் பெயர் இன்டர்ன். வரைவில் இப்போது 'பொதுத் தொல்லியல் உள்ளகப் பயிற்சியாளர்' என்று கிடக்கிறது. பேட்ஜில் இரண்டு வரிக்குள் அடங்கவில்லை, வாயிலும் நுழையவில்லை. மாற்று சொல்லுங்கள்.

திருவொற்றியூர்:

தம்பி, அந்தத் தொடரில் மூன்று சொல், மூன்றும் கோணல்.

'பொது மருத்துவம்' என்றால் சிறப்புப் பிரிவு எதுவும் இல்லாத மருத்துவம். அதே காதோடு கேட்டால் 'பொதுத் தொல்லியல்' முதலாண்டுப் பாடத்தின் பெயர். 'உள்ளகம்' என்பது இன்டர்ன் என்ற சொல்லில் 'இன்' இருப்பதைப் பார்த்துக் கட்டியது. உங்கள் பிள்ளைகள் வெயிலில் சுவரோரம் நிற்கப் போகிறவர்கள், அவர்களுக்கு ஏது உள்ளகம்? 'பயிற்சியாளர்' மூன்றிலும் மோசம். கிரிக்கெட் அணியில் அவர் கற்றுக்கொடுப்பவர், அலுவலகத்தில் கற்றுக்கொள்பவர். "ஐயமிருந்தால் பயிற்சியாளரைக் கேளுங்கள்" என்று பலகை வைத்தால் ஜனம் பேராசிரியரைத் தேடும்.

'பழகுநர்' நல்ல சொல்தான். ஆனால் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் 'தொழில் பழகுநர்' என்று பிடித்துவைத்திருக்கிறது. அதற்கு ஒப்பந்தம், உதவித்தொகை எல்லாம் உண்டு. சான்றிதழில் அந்தச் சொல் வந்தால் பின்னால் கேள்வி வரும். போதாக்குறைக்கு 'எல்' போர்டு மாட்டிய வண்டிக்காரரும் பழகுநர் உரிமம்தான் வைத்திருக்கிறார். என் ஓட்டு 'பயிலுநர்' என்பதற்கு. கற்பவர் என்ற ஒரே பொருள், பன்மையும் கரடுமுரடில்லாமல் 'பயிலுநர்கள்' என்று வரும்.

துறைக்கு 'மக்கள் தொல்லியல்' போதும்.

தண்டையார்பேட்டை:

ஒற்றியூர் ஐயாவுக்கு வணக்கம். பயிலுநருக்கு நானும் கை தூக்குகிறேன். 'மக்கள் தொல்லியல்' மட்டும் உறுத்துகிறது. 1972-ல் அமெரிக்கரான சார்லஸ் மெக்கிம்சி 'பப்ளிக் ஆர்க்கியாலஜி' என்று எழுதியபோது, தொல்லிடங்களை மக்கள் சார்பில் அரசு காக்க வேண்டும் என்பதே பேச்சு. மக்களோடு உரையாடுவது என்ற பொருள் பிறகு ஏறிக்கொண்டது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர் எதைச் செய்ய வந்தார் என்பது மறைந்துவிடும். கையேடு பேசுவது இரண்டாவதை. அந்தச் செயலுக்குத்தான் பெயர் வேண்டும், துறைக்கு அல்ல.

செயல் என்ன என்று எழுதிப் பார்த்தால் சொல் தானே வரும். எனவே நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கப் பலகை. அறிக்கையில் இரண்டு பக்கம் இருப்பதை அறுபது சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும். முதல் வரி, பார்ப்பவர் கண்ணுக்கு எதிரே இருப்பதைச் சொல்ல வேண்டும். "இக்கோட்டைச் சுவர்" என்று மாடிப் பூங்காவில் தொடங்கினால் முதல் வரியே தப்பு. அது புனித ஜார்ஜ் கோட்டையின் சுவர் இல்லை. பிரெஞ்சு முற்றுகையையும் ஹைதர் அலி படை வந்ததையும் பார்த்த பிறகு, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டைக்கு வெளியே உள்ளூர் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரைச் சுற்றி எழுப்பியது. வால்டாக்ஸ் ரோட்டின் 'வால்' (ஆங்கிலத்தில் சுவர்) இதுதான் என்று அடுத்த வரியில் சொன்னால், தினமும் அந்த வழியே போகிறவர் நின்று படிப்பார். எழுத்து 24 பாயின்டுக்குக் கீழே போகக் கூடாது. சின்ன எழுத்தில் ண, ஞ போன்றவற்றின் சுழி மை ஏறி அடைத்துக்கொள்ளும். ஆங்கில வரிக்கு ஒதுக்கிய பெட்டியில் தமிழைத் திணிப்பதால்தான் பாதிப் பலகைகள் படிக்க முடியாமல் போகின்றன.

'முதல்' என்ற சொல் இன்னொரு பள்ளம். 1856-ல் திறந்த இராயபுரம் நிலையத்தை 'இந்தியாவின் முதல் ரயில் நிலையம்' என்று மாணவர் எழுதிவிடுவார். பம்பாயிலிருந்து தாணாவுக்கு 1853-லேயே வண்டி ஓடிவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இங்கிருந்து புறப்பட்டது என்பதே போதுமான பெருமை.

காலக்கணக்கு அதைவிட ஆபத்து. கரிமக் காலக்கணிப்பில் 'இன்றைக்கு முன்' என்று போடும்போது 'இன்று' என்பது 1950. இ.மு. 2500 என்பதைக் கி.மு. 2500 என்று போட்டால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கூடிவிடும். ரீல்ஸில் அது போன வேகத்தில் திருத்தம் போகாது. சென்னைக்கு அருகே கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கத்துக்கு 15 லட்சம் ஆண்டு என்பதும் அப்படித்தான். அது அங்கே கிடைத்த மிகப் பழைய கைக்கோடரி அடுக்குகளுக்கான வயது. கொசஸ்தலை ஆற்றோரம் பொறுக்கிய எல்லாக் கல்லுக்கும் அதை ஒட்டக் கூடாது.

இதெல்லாம் பரப்புவதா? இல்லை. விளக்குவது. 'தொல்லியல் பரப்புரை' என்று யாராவது சொல்ல வருமுன் தடுத்துவிடுகிறேன், அதில் ஆட்டோவும் ஒலிபெருக்கியும் கேட்கின்றன.

பழவேற்காடு:

அக்கா சொன்னது சரி, ஆனால் 'விளக்கம்' வெளுத்துப்போன சொல். நோட்டீஸ் அனுப்பி அலுவலகம் கேட்பதும் விளக்கம்தான். 'கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்' என்பது இந்தத் துறைக்கே சொன்னது போல இருக்கிறதே! குழியில் இறங்கியவர் பேசுவதில்லை, மேடையில் பேசுகிறவர் குழியைப் பார்த்ததில்லை. விள் என்றால் வாய்விட்டுச் சொல்லுதல், பிளத்தல் இரண்டும். மண்ணைப் பிளந்ததை வாய் திறந்து சொல்லுதல். 'தொல்விண்டுரை' என்று வைப்போமா?

திருவொற்றியூர்:

அழகு. ஆனால் 'விண்டுரை' என்று கேட்டதும் பத்தில் ஒன்பது பேருக்கு விண்வெளி நினைவுக்கு வரும். மாணவர் சொல்லை விளக்கியே நேரம் போக்குவார், சுவரை எப்போது விளக்குவார்?

நானும் 'விளம்புநர்' என்று யோசித்தேன். குமரிப் பக்கம் இலையில் சோறு போடுவதும் விளம்புவதுதான், எடுத்துச் சொல்வதும் விளம்புவது. பொருள் பொருந்துகிறது. ஆனால் இங்கே விளம்பரக்காரர் என்று நினைத்து, "எவ்வளவு சார் ஒரு போர்டுக்கு?" என்பார்கள். 'எடுத்துரைப்பு' கதை ஆய்வுக்காரர்கள் ஏற்கெனவே பட்டா போட்டுவிட்ட சொல்.

செயலைப் பற்றி நான் சேர்க்க ஒன்று. எங்கள் ஊர்க் கோயிலில் சோழர் கல்வெட்டு சுவரெங்கும் இருக்கிறது. மாணவருக்கு மைப்படி, அதாவது கல்வெட்டை மையால் தாளில் நகலெடுப்பது, எடுத்துக் காட்ட ஆசை வரும். தாளை நனைத்து, கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, எழுத்துப் பள்ளத்தில் தாள் படிந்த பிறகு மை ஒற்ற வேண்டும். அவசரத்தில் ஈரம் காயாமல் மை வைத்தால் தாள் ஊறிக் கல்லுக்கு மை இறங்கும். எனவே செயல்விளக்கம் எப்போதும் தனியாக வெட்டிய மாதிரிக் கல்லில்தான். பானை ஓட்டுக்கும் இதே விதி: பதிவெண் எழுதிய ஓடு பிள்ளைகள் கைக்குப் போகவே கூடாது. அகழாய்வில் கிடைக்கும் கருப்பு-சிவப்புப் பானையைப் புரியவைக்கக் குயவரிடம் வாங்கிய பானை ஒன்று போதும். கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும், வெளிப்பக்கம் சிவக்கும். உடைத்து விளிம்பைக் காட்டினால் பேச்சே வேண்டாம்.

இராயபுரம்:

நன்றி ஐயா, நன்றி அக்கா. மூன்று சொல்லையும் மின்ட் தெரு டீக்கடையில் போட்டுப் பார்த்தாயிற்று. 'விண்டுரை'க்கு "இன்னாது அது?" 'மக்கள் தொல்லியல்' எந்தக் கட்சி என்று ஒருவர் கேட்டார். 'தொல்விளக்கம்' என்றதும், "பழசைப் பத்தி வெளக்கறதா?" என்று மறுபடி வந்தது. அது தேறியது.

எனவே செயல் தொல்விளக்கம், மாணவர் தொல்விளக்கப் பயிலுநர்.

பழவேற்காடு:

தொல்விளக்கம் என்றால் பழமையான விளக்கம் என்றல்லவா ஆகும்?

தண்டையார்பேட்டை:

தம்பி, அந்தக் கணக்கில் தொல்லியலும் பழமையான இயல்தான். வழக்கு அதை ஏற்றுக்கொண்டது, இதையும் ஏற்கும். பேட்ஜ் அச்சாகும்போது மட்டும் 'தொல்விளக்குப் பயிலுநர்' என்று போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அகல் விற்கிறவர் என்று நினைப்பார்கள்.

கையேட்டின் முதல் பக்கத்தில் இன்னொன்றும் சேருங்கள். கைப்பேசியில் இட அடையாளத்தை அணைத்த பிறகுதான் படம் எடுக்க வேண்டும். காவலில்லாத மேட்டில் ஓடு கிடக்கிறது என்று இடத்தோடு போட்டால், அடுத்த வாரம் அங்கே கடப்பாரை நிற்கும். படத்தில் அளவுகோல் இருக்கட்டும், செருப்பையும் தீப்பெட்டியையும் அளவுக்கு வைக்க வேண்டாம். யாராவது "எங்க வீட்டு அஸ்திவாரத்துல கெடச்சுது" என்று பொருளோடு வந்தால் பயிலுநர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாய்தான். யாரிடம் போக வேண்டும் என்று வழி சொல்லி அனுப்புவதும் தொல்விளக்கத்தில் சேர்த்தி.

இராயபுரம்:

சேர்த்துவிட்டேன் அக்கா. பேட்ஜில் இப்போது ஒரே வரி.