நம்ம குடும்பம் குரூப்: வேன் பிரேக்ல ஏர்

நான்: மாமா பின்னாடி இடது பக்கம் பிரேக் ஷூவ தள்ற வீல் சிலிண்டர் லீக்குன்னு காலைல புதுசு மாத்தினேன், அதுல இருந்து பெடல் மெத்துமெத்துன்னு உள்ள போகுது, ரெண்டு மூணு தடவ மிதிச்சாதான் மேல ஏறி வருது. நாளைக்கு விடிகாலைல கேரட் ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கணும்

ஊட்டி மாமா: மிதிக்க மிதிக்க ஏறுதுன்னா பிரேக் ஆயில் லைன்ல ஏர் நிக்குது மாப்ள. ஆயில் அமுங்காது, காத்து அமுங்கும், நீ மிதிக்கற பலமெல்லாம் அந்த குமிழிய அமுக்கறதுக்கே போயிருது

ஊட்டி மாமா: ஏர் எடுக்காம வண்டிய கேட்டுக்கு வெளிய எடுக்காத

அம்மா: தம்பி அவனுக்கு நல்லா அழுத்தி சொல்லு, கோத்தகிரில இருந்து கீழ வரைக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல இறக்கம், எனக்கு இப்பவே வயித்த கலக்குது

குன்னூர் அண்ணன்: டேய் மிதிச்சு அப்படியே அழுத்தி வெச்சா பெடல் மெதுவா கீழ இறங்குதா? இறங்கினா ஒண்ணு எங்கயோ ஒழுகுது, இல்ல பெடல மிதிச்சா ஆயில தள்ற மாஸ்டர் சிலிண்டரோட ரப்பர் போயிருக்கு, எத்தன தடவ ஏர் எடுத்தாலும் சரியாகாது

நான்: இல்லண்ணா நிக்குது. ஏர்தான்

குன்னூர் அண்ணன்: அப்ப பெரிய சிரிஞ்ச் இருந்தா வீல் பின்னாடி ஏர் எடுக்கற நிப்பிள்ல மாட்டி உறிஞ்சிடு, ஒரே ஆள் போதும்

ஊட்டி மாமா: உறிஞ்சலாம்ப்பா, ஆனா நிப்பிள் மரை வழியாவும் காத்து உள்ள வரும், டியூப்ல குமிழி வந்துட்டே இருக்கும், லைன்ல இருந்து வருதா மரைல இருந்து வருதான்னே தெரியாது. நிப்பிள தொறந்து விட்டு ஆயில் தானா சொட்ட விடறதும் ஒரு வழிதான், நேரம் ஆகும். வீட்ல தங்கச்சி இருக்கால்ல, மிதிச்சு எடுக்கறதுதான் நமக்கு சரி

தங்கச்சி: இருக்கேன் மாமா என்ன செய்யணும்

ஊட்டி மாமா: நீ டிரைவர் சீட்ல உக்காரு கண்ணு, இஞ்சின் ஆஃப்ல இருக்கட்டும். பெடலுக்கு கீழ ஒரு மரக்கட்டை வை, பழைய மாஸ்டர் சிலிண்டர ஒரேயடியா அடி வரைக்கும் மிதிச்சா உள்ள துரு புடிச்ச இடத்துல ரப்பர் உரசி கிழிஞ்சிரும்

ஊட்டி மாமா: மாப்ள உங்க வாசல் சரிவு, முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கல்லு வை. ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாத

ஊட்டி மாமா: நிப்பிள்ல டிரான்ஸ்பரன்ட் டியூப் மாட்டி இன்னொரு முனைய கொஞ்சம் புது ஆயில் இருக்கற பாட்டில்ல முக்கி வை. தங்கச்சி மூணு நாலு தடவ மிதிச்சு அழுத்தி புடிச்சுட்டு "புடிச்சாச்சு"ன்னு சொல்லணும், நீ ரிங் ஸ்பேனர்ல கால் சுத்து தொற, பெடல் கட்டை வரைக்கும் போகும், நீ மூடிட்டு "விடு"ன்னு சொன்ன பிறகுதான் அவ கால எடுக்கணும். மூடறதுக்கு முன்னாடி கால எடுத்தா வெளிய போன காத்து திரும்ப உள்ள போயிரும்

நான்: எந்த வீல் முதல்ல

ஊட்டி மாமா: மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம், அதுக்கு தூரமா இருக்கறது பின் இடது. அப்பறம் பின் வலது, முன் இடது, கடைசியா முன் வலது. சர்வீஸ் புக்ல வேற வரிசை இருந்தா அது மாதிரி பண்ணு

குன்னூர் அண்ணன்: என் கார் மாதிரி ஏபிஎஸ் (சடன் பிரேக்ல வீல் லாக் ஆகாம பாக்கற சிஸ்டம்) வண்டின்னா யூனிட்டுக்குள்ள காத்து போனா ஸ்கேனர் போட்டுத்தான் எடுக்கணும், நல்லவேள உன் வேன்ல அது இல்ல

நான்: போன வருஷம் வாங்கின ஆயில் பாதி பாட்டில் இருக்கு ஊத்தட்டுமா

ஊட்டி மாமா: வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயில் ஈரத்த இழுக்கும், நம்ம ஊர் மிஸ்டுல சொல்லவே வேண்டாம். டாட் 3ங்கற ரக ஆயில் புதுசுன்னா 205 டிகிரி வரைக்கும் தாங்கணும், தண்ணி சேந்தா 140 தான். இறக்கத்துல சூடேறி உள்ளயே கொதிச்சு ஆவியாச்சுன்னா பெடல் அப்படியே உள்ள போயிரும். சீல் உடைக்காத பாட்டில் வாங்கு, வண்டி ஆயில் டப்பா மூடில என்ன டாட் போட்டிருக்கோ அது. பெயிண்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்தி கழுவு

ஊட்டி மாமா: அஞ்சாறு தடவைக்கு ஒருக்கா மேல ஆயில் டப்பாவ பாரு, ஆயில் காலியாச்சுன்னா அங்க இருந்தே காத்து இழுத்துட்டு மொத்தமும் முதல்ல இருந்து பண்ணணும்

நான்: மாமா முடிஞ்சுது. முதல் வீல்ல கருப்பட்டி காபி கலர்ல வந்துச்சு, ஒரே குமிழி, அப்பறம் சுத்தமா வந்துருச்சு. பெடல் கல்லு மாதிரி இருக்கு ஆனா ரொம்ப கீழ போய்த்தான் புடிக்குது

ஊட்டி மாமா: கெட்டியா இருந்தா ஏர் போயாச்சு. இது பிரேக் ஷூவுக்கும் அது போய் அழுத்தற டிரம்முக்கும் கேப் ஜாஸ்தி, காலைல கழட்டி மாட்டினல்ல, பின்னாடி ரெண்டு பக்கமும் அட்ஜஸ்ட் பண்ணு. அப்பறம் இஞ்சின் ஸ்டார்ட் பண்ணி மிதிச்சு பாரு, கொஞ்சம் இறங்கி நிக்கணும்

நான்: ஷூ அட்ஜஸ்ட் பண்ணிட்டேன், பாதிக்கு மேலயே புடிக்குது. மேல கிரவுண்ட்ல லோடு இல்லாம பத்து தடவ ஓட்டி நிறுத்தி பாத்தாச்சு

அம்மா: முருகா. தங்கச்சி கைய சோப்பு போட்டு கழுவிட்டு சாப்பிட வா

நான்: குட் மார்னிங். வழில குஞ்சப்பனைல நிறுத்தியிருக்கேன், ரெண்டாவது கியர்லயே இறங்கினேன். பெடல் நேத்து மாதிரியே இருக்கு, டிரம் பக்கம் கைய கொண்டு போய் பாத்தேன் பின்னாடி ரெண்டும் ஒரே அளவு சூடுதான்

ஊட்டி மாமா: நல்லது மாப்ள. டீ குடி, பத்து நிமிஷம் ஆறட்டும். இறங்கினதும் நாலு நிப்பிளும் ஈரமா இருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டு போன் பண்ணு