பிளைவீலுக்கு ஃபேஸிங் போட்டால் பின்னால் ஷிம் வைக்கணுமா?

கேட்டவர்: ஆம்னிக்காரன்
வண்டி மாருதி ஆம்னி, 796 சிசி, கேபிள் கிளட்ச். முதல் கியரில் கிளட்சை விடும்போது உதறுகிறது என்று கியர்பாக்ஸை இறக்கினோம், பிளைவீல் (கிளட்ச் தகடு உரசிப் பிடிக்கிற கனமான இரும்புச் சக்கரம்) முகத்தில் அங்கங்கே நீலத் திட்டு, மேலே முடி மாதிரி மெல்லிய கீறல். ஃபேஸிங் என்று லேத்தில் அந்த முகத்தை அரை மில்லி சீவி எடுத்துவிட்டு, குறைந்ததை ஈடுகட்ட கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) பக்கம் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வாஷர் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். அம்மா அப்பாவை ஏற்றிப் போகிற வண்டி, வைக்கலாமா?

பதில்: பட்டறை மணி
வாஷர் வேண்டவே வேண்டாம் தம்பி. கிராங்க் முகமும் பிளைவீல் முகமும் முழுசாக ஒட்டி இறுகினால்தான் இழுவையைத் தாங்கும், நடுவில் வாஷர் வந்தால் பாரம் முழுக்க போல்ட் மேலேயே விழும், அது அறுந்தால் 4000 ஆர்பிஎம்மில் சுற்றுகிற இரும்பு உங்கள் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. அரை மில்லிக்கு ஷிம்மே (குறைந்த தடிமனை ஈடுகட்ட வைக்கும் மெல்லிய தகடு) தேவையில்லை. கிளட்ச் தகட்டை பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டும் சேர்ந்து இன்ஜின் பக்கம் நகரும், பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) கொஞ்சம் கூடும், கேபிள் நட்டைத் திருகினால் சரியாகிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பிரஷர் பிளேட் உட்காரும் இடத்திலும் அதே அளவு எடுக்கணும், உள்ளே மட்டும் எடுத்தால் பிடிப்பு குறைந்து கிளட்ச் ஸ்லிப் ஆகும்.

பதில்: டீசல் பிரியன்
லேத்தை விட கிரைண்டிங் நல்லது. நீலத் திட்டு சூட்டில் இறுகிப்போன இடம், லேத் டூல் அதன் மேல் ஏறி இறங்கி மேடு விட்டுவிடும், மறுபடி உதறும். கீறல் கிரைண்டிங்கில் போகவில்லை, அல்லது போல்ட் ஓட்டை வரை ஓடுகிறது என்றால் பிளைவீலையே மாற்றிவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். குறைந்தபட்சத் தடிமன் மேனுவலில் எவ்வளவு என்றும் பாருங்கள்.

கேட்டவர்: ஆம்னிக்காரன்
நன்றி அண்ணே. நிறைய எடுக்க வேண்டி வந்தால்?

பதில்: பட்டறை மணி
மேனுவல் அளவுக்குக் கீழே போனால் ஷிம் போட்டு ஒப்பேற்றக் கூடாது, வேறு பிளைவீல்தான். அளவுக்குள் இருந்தும் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்றால் மட்டும், கிராங்க் முகம் முழுவதும் உட்காருகிற, ஒரே தடிமனுள்ள வளையமாக ஒரு ஷிம். அப்போது போல்ட் மரை போதுமான ஆழம் இறங்குகிறதா, ஸ்டார்ட்டர் பல் பிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாட்டியதும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவுகோல்) வைத்து ஒரு சுற்று சுற்றி ஆட்டம் பாருங்கள். போல்ட் புதுசு போட்டு, டார்க் ரெஞ்சில் (குறித்த இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) எதிரெதிராக இறுக்குங்கள். அப்புறம், இறக்கியதுதான் இறக்கியாச்சு, கிராங்க் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள்.