என் வாலட் பணம், பக்கத்து வண்டிக்கு மின்சாரம்: சார்ஜிங் அனுமதியிலும் பில்லிலும் உங்கள் அனுபவங்கள்

தென்பெண்ணைக்காரர்:

உளுந்தூர்ப்பேட்டைக்குச் சற்று முன்பாக ஓர் உணவக வளாகத்தில் இருக்கும் இரட்டைக் கன் (மின்சார வண்டியில் செருகும் மின்முனை) கொண்ட டிசி, அதாவது நேர்மின்னோட்ட, சார்ஜரைப் பற்றியது இது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நள்ளிரவு நெருங்கும் நேரம். கன்னைச் செருகி, அதற்கு நேர்மேலே ஒட்டியிருந்த க்யூஆரை ஸ்கேன் செய்தேன். வாலட்டில் ஐந்நூறு ரூபாய் பிடித்து வைக்கப்பட்டது. சார்ஜிங் தொடங்கிவிட்டதாகச் செயலியும் அறிவித்தது. என் வண்டியின் விளக்கோ ஆரஞ்சு நிறத்திலேயே நிற்க, மறு கன்னில் நின்றிருந்த வெள்ளை வண்டியின் விளக்கு பச்சையாகத் துடிக்கத் தொடங்கியது. அதன் ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் போட்டு, கைப்பேசி மார்பில் கிடக்க, உறங்கிக்கொண்டிருந்தார். என் செயலியில் 0.4, 0.7, 1.1 என்று யூனிட் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைத் தட்டி, "ஐயா, என் பணத்தில் உங்கள் வண்டிக்கு மின்சாரம் போகிறது" என்று அந்த நேரத்தில் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? செயலியிலேயே நிறுத்தினேன். பழுதான கன்களைக் கழற்றி மாட்டியபோது இரண்டு ஒட்டுத்தாள்களும் இடம் மாறிவிட்டன என்று உதவி எண்ணில் சொன்னார்கள். பணமும் திரும்பி வந்தது. எந்த வண்டிக்குப் போகிறது என்று பார்க்காமலேயே மின்சாரத்தைத் திறந்துவிடும் ஏற்பாடு எப்படிச் சரியாகும் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேறு யாருக்கேனும் இப்படி நேர்ந்ததுண்டா?

மலைக்கோட்டை மின்னோட்டி:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. விழுப்புரத்தை அடுத்து ஓரிடத்தில் சார்ஜ் செய்து முடித்து, கன்னைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பினேன். திண்டுக்கல்லில் அதே நிறுவனத்தின் சார்ஜரில் செருகினால், "உங்கள் கணக்கில் ஏற்கெனவே ஒரு சார்ஜிங் நடந்துகொண்டிருக்கிறது" என்று செயலி மறுத்துவிட்டது. வண்டியில் ஒன்பது சதவீதம் மிச்சம், குழந்தைகள் பின்னிருக்கையில். கைப்பேசித் திரையிலோ விழுப்புரத்துச் சார்ஜரின் படம், அதில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம்! அந்தச் சார்ஜரின் சிம் இணைப்பு நடுவில் அறுந்துவிட்டதால், நான் முடித்த செய்தி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேரவேயில்லை. இணைப்பு மீண்ட பிறகு, சார்ஜர் தன்னிடம் தேக்கி வைத்திருந்த கணக்கை அனுப்பியது. பில்லில் யூனிட்டுகள் சரியாகவே இருந்தன. ஆனால் கன்னைப் பிடித்து வைத்திருந்ததற்கான காத்திருப்புக் கட்டணம் என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். அதை நீக்கவைக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

அடுக்கக நிர்வாகி:

உளுந்தூர்ப்பேட்டை நண்பர் கேட்பது நியாயம்தான், ஆனால் குற்றம் ஒட்டுத்தாளோடு நிற்கவில்லை. இங்கே பெரும்பாலான சார்ஜர்கள் 2015இல் வந்த ஓசிபிபி 1.6 என்ற பொதுத் தொடர்பு முறையில்தான் சர்வரோடு பேசுகின்றன. செயலியில் தொடங்கு என்று அழுத்தினால், "இரண்டாம் கன்னை இந்த அடையாள எண்ணின் கணக்கில் திற" என்ற கட்டளைதான் போகிறது. அந்தக் கன்னில் நிற்பது எவருடைய வண்டி என்ற கேள்வியே அதில் இல்லை. அந்த ஓட்டுநரும் கன்னைச் செருகிவிட்டு, பணம் கட்டுமுன் கண்ணயர்ந்திருப்பார். செருகிய வண்டி தயாராக இருந்ததால் மின்சாரம் பாய்ந்துவிட்டது.

எங்கள் அடுக்ககத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வாகன நிறுத்தத்தில் பொதுச் சார்ஜர், ஆளுக்கோர் ஆர்எஃப்ஐடி அட்டை, சார்ஜர் அருகே காட்டினால் திறக்கும். மாத பில் வந்ததும் ஒரு மூத்த குடியிருப்பாளர் தாளும் கையுமாக அலுவலக அறைக்கு வந்தார். அவருடைய வண்டி சர்வீஸ் சென்டரில் கிடந்த வாரத்தில், இரவு இரண்டு மணிக்கு அவர் அட்டையில் பதினெட்டு யூனிட். சர்வீஸ் சென்டர் ரசீதையும் பில்லையும் என் மேசையில் அருகருகே வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார்.

காரணம் எளிது. அந்த வகைச் சார்ஜர், அட்டைக்குள் இருக்கும் ரகசியச் சாவி எதையும் கேட்பதில்லை. அட்டையின் வரிசை எண்ணை மட்டுமே படிக்கிறது. எண்ணை எழுதிக்கொள்ளும் வெற்று அட்டைகள் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கின்றன. ஜெர்மனியின் ஹேக்கர்கள் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், 2017 டிசம்பரில் லைப்சிக் நகரில் நடத்திய மாநாட்டில் மதியாஸ் டால்ஹைமர் என்பவர் இதையே மேடையில் விளக்கினார். ஆகவே அடுக்கக நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அட்டை மட்டும் போதும் என்று வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் உரியவர் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும்படி செய்யுங்கள். இணைப்பு இல்லாதபோது பழைய அட்டைகளைத் தானாக ஏற்றுக்கொள்ளும் வசதி சார்ஜரில் உண்டு, அதை அணைத்துவிடுங்கள். வீடு காலி செய்பவரின் அட்டையைச் சர்வரில் நீக்கினால் மட்டும் போதாது, சார்ஜரின் உள்பட்டியலிலும் நீக்கச் சொல்லுங்கள். சார்ஜருக்கும் சர்வருக்கும் இடையே டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பூட்டு இருக்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் "இருக்கிறது சார்" எந்தப் பயனும் தராது. இயலுமானால் 2020இல் வந்த ஓசிபிபி 2.0.1 பதிப்பையே ஒப்பந்தத்தில் குறிப்பிடுங்கள்.

ஷ்டுட்கார்ட் தமிழன்:

நிர்வாகி அவர்கள் அட்டையையே குற்றவாளியாக்குகிறார், க்யூஆரும் சளைத்ததன்று. இங்கே ஜெர்மனியில் ஒரு பேரங்காடியின் 22 கிலோவாட் ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜரில் ஸ்கேன் செய்தேன். திறந்த பக்கத்தில் நிறுவனத்தின் சின்னம், நிறம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன, கடன் அட்டை எண்ணைக் கேட்டது. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் இடறியது. ஒட்டுத்தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு ஒட்டுத்தாள், அதுதான் அசல்! என் நகத்தில் பசை ஒட்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஎஃப்ஐஆர் என்ற மாற்று எரிபொருள் கட்டமைப்பு விதிப்படி, 2024 ஏப்ரல் 13க்குப் பின் நிறுவப்படும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜர்கள் வங்கி அட்டையை நேரடியாக ஏற்க வேண்டும். அதற்குக் குறைந்த திறன் உள்ளவற்றில் க்யூஆரே போதும் என்று விட்டுவிட்டார்கள். மோசடிக்காரர்கள் அங்கேதான் ஒட்டுகிறார்கள்.

முதல் நண்பரின் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. ஐஎஸ்ஓ 15118 என்ற, வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் தர முறையில் வண்டியே தன் ஒப்பந்தச் சான்றிதழைக் கன்னின் கம்பி வழியாகக் காட்டும். அப்போது பக்கத்து வண்டிக்கு உங்கள் பணம் போக வழியில்லை. இதை ஆட்டோசார்ஜ் என்ற பெயரில் விற்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆட்டோசார்ஜ் வண்டியின் வலையமைப்பு எண்ணை மட்டும் பார்த்து நம்புகிறது, அந்த எண்ணையும் போலியாக்கலாம். பில்லுக்கும் இங்கே ஒரு காவல் உண்டு: அளவைச் சட்டப்படி மீட்டரின் தொடக்க, முடிவு அளவுகள் மின்கையொப்பத்தோடு வர வேண்டும், அதை நாமே சரிபார்க்கலாம்.

கொங்குச் சாலை:

ஷ்டுட்கார்ட் நண்பரே, கையொப்பம் இருக்கட்டும், எந்த மீட்டருக்குக் கையொப்பம் என்பதையும் கேட்க வேண்டும். பெருந்துறை அருகே சார்ஜரின் திரையில் 26.3 யூனிட் என்று காட்டியதைப் படம் எடுத்து வைத்தேன். வந்த பில்லில் 28.1. திரையில் தெரிவது வண்டிக்குள் போன டிசி அளவு, பில் போடுவது சார்ஜருக்குள் வந்த ஏசி அளவு என்று பதில் தந்தார்கள். ஏசியை டிசியாக மாற்றுவதில் ஏற்படும் இழப்பையும் நான் வாங்கியதாகக் கணக்கு. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. சார்ஜிங் என்பது மின்விற்பனை அன்று, சேவை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. சேவையென்றால், வண்டிக்குள் போனதற்குத்தானே விலை? இதை எழுதி அனுப்பிய மடலுக்குப் புகார் எண் மட்டும் வந்திருக்கிறது. இதே போலப் படம் எடுத்து வைத்திருப்பவர்கள் இங்கே இட்டால், ஒன்றாகச் சேர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக நான் தயார்.