அம்மாவின் மயக்கம்: இதயமா, மூளையா?

அம்மாவுக்கு 58 வயது. ஏழு மாதத்தில் ஐந்து முறை மயங்கி விழுந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் அதே வரிசைதான்: ஏதோ கருகுகிற வாடை என்பார், பார்வை குத்திட்டு நிற்கும், சப்புக்கொட்டுவார். அரை நிமிடத்தில் முகம் வெளுத்துச் சரிந்துவிடுவார். கடைசி முறை மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்; சில நொடிகள் நாடியே தட்டுப்படவில்லை.

ஈசிஜி, எக்கோ, எம்ஆர்ஐ, அரை மணி நேர ஈஈஜி (மூளையின் மின் அலைப் பதிவு) எல்லாம் நார்மல். உடலில் மாட்டி 24 மணி நேரம் இதயத்துடிப்பைப் பதியும் ஹோல்டரும்தான் (மாட்டியிருந்த அன்று மயக்கமே வரவில்லை, அப்புறம் அது எதைக் காட்டும்?). சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை. இதய மருத்துவர் நரம்பு என்கிறார். நரம்பியல் மருத்துவர் இதயம் என்கிறார்.

மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் கிளம்பும் டெம்போரல் லோப் வலிப்பு அரிதாக இதயத்துடிப்பையே சில நொடி நிறுத்திவிடும் என்று படித்தேன். ஈசிஜியும் சேர்ந்து பதிவாகும் வீடியோ ஈஈஜியா, தோலுக்கடியில் வைத்து இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் லூப் ரெக்கார்டரா, எதை முதலில் கேட்பது?