விலை குறைந்த மின் கிட்டாரின் முகம் ஏன் தட்டையாக இருக்கிறது?

ராவணன்_வீணை:
பக்கத்து இழையில் ஒரு பெரியவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார்: "விலை உயர்ந்த கிட்டாரை ஆள் உளியால் செதுக்குகிறான், மலிவானதை எந்திரம் வெட்டுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பிஆர்எஸ் என்கிற அமெரிக்க கிட்டார் நிறுவனம் மேரிலாந்தில் செய்கிற விலை உயர்ந்த கோர் வரிசையும் சி.என்.சி. என்கிற கணினி ஓட்டும் எந்திரத்தில்தான் வெட்டப்படுகிறது, இந்தோனேசியாவில் செய்கிற மலிவான எஸ்இ வரிசையும் அப்படித்தான். மாறுவது எந்திரம் ஓடுகிற நேரம். முகம், அதாவது கிட்டார் உடலின் முன்பக்கம், வளைந்திருந்தால் உருண்டை முனை வெட்டியை நெருக்க நெருக்கமாக ஓட்ட வேண்டும். இடைவெளி விட்டு ஓட்டினால் முகமெல்லாம் வரி வரியாக நிற்கும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஓர் ஆள் வேண்டும். தட்டை முகத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பழைய_பெருக்கி:
பெயர் சொல்லாமல் குத்த வேண்டாம், எழுதியவன் நான்தான். கடைசியில் தேய்ப்பது கைதானே? அப்போது கைவேலை என்று சொன்னதில் என்ன தப்பு?

ராவணன்_வீணை:
நீங்கள் எழுதியது "உளி". உப்புத்தாளுக்கும் உளிக்கும் வித்தியாசம் தெரியும்தானே ஐயா?

மரத்தூள்:
இரண்டு பேரும் தப்பு. மரவேலை எனக்குப் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். காரணம் எந்திர நேரமும் இல்லை, கையும் இல்லை. வெனீர்.

விலை உயர்ந்த கிட்டாரில் முகம் முழுக்கக் கனமான மேப்பிள் பலகை. எவ்வளவு ஆழமாகச் செதுக்கினாலும் உள்ளே அதே மரம், அதே கோடுகள். மலிவானதில் அந்த அழகான கோடுகள் இருப்பது மேலே ஒட்டுகிற, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய மரத்தகடான வெனீரில். ஒரு பந்தின் மேல் செய்தித்தாளை மடிப்பு விழாமல் ஒட்டிப் பாருங்கள், புரியும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வளைகிற முகத்தில் வெனீர் சுருங்கும், இல்லை கிழியும். ஒட்டிய பிறகு செதுக்கலாம் என்றால் முதல் ஓட்டத்திலேயே காணாமல் போய்விடும். அதனால்தான் தட்டை, அல்லது ஓரத்தில் மட்டும் ஒரு சரிவு. வெனீர் வளையாது.

ராவணன்_வீணை:
சரி. அப்படியென்றால் ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்த மலிவு மாடல்கள்? அதில் வெனீரே கிடையாதே. அதுவும் ஏன் தட்டை?

மரத்தூள்:
ஒரே வரிசையில் கறுப்புக்கு ஒரு பாடி, கோடு போட்டதற்கு வேறு பாடி என்று எவன் செய்வான்? புரோகிராம் ஒன்று, பலகையின் கனம் ஒன்று. கோடு போட்ட மாடல் எதைத் தாங்குமோ அதுதான் எல்லாவற்றுக்கும். வெனீர் வளையாது.

நான்காம்_ஃப்ரெட்:
ஒரு சந்தேகம். செதுக்கல் என்று நீங்கள் எல்லோரும் சொல்வது முகத்தின் வளைவையா, முதுகில் வயிற்றுக்காகக் குடைவதையா, முன்கை படுகிற சரிவையா? மூன்றும் வேறு வேறு வேலை இல்லையா?

பழைய_பெருக்கி:
கனமான மேப்பிள் இருந்தால் ஒலி பளிச்சென்று இருக்கும். அதற்காகத்தான் வைக்கிறார்கள். காது இருப்பவர்களுக்குத் தெரியும்.

ராவணன்_வீணை:
வந்துவிட்டது காது. போன முறை கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பின் உயரம் பற்றிய இழையிலும் இந்தக் காதுதான் வந்தது, கடைசியில் பதில் சொல்லாமல் ஓடியது.

பழைய_பெருக்கி:
ஓடவில்லை. நெறியாளர் பூட்டிவிட்டார்.

ரிதம்_மட்டும்:
1952-இல் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டார் வந்ததே செதுக்கிய மேப்பிள் முகத்தோடு. கிப்சனிடம் வளைந்த முகமுள்ள பழைய ஆர்ச்டாப் கிட்டார்கள் காலத்துச் செதுக்கு எந்திரம் இருந்தது, போட்டி நிறுவனமான ஃபெண்டரிடம் இல்லை. அதனால்தான் வளைந்த முகம் வைத்தோம் என்று அப்போதைய கிப்சன் தலைவர் டெட் மெக்கார்ட்டியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1954-இல் மலிவாக லெஸ் பால் ஜூனியர் கொண்டுவந்தார்கள், முகம் பலகை மாதிரி தட்டை. அதில் வெனீர் எங்கே இருந்தது, மரத்தூள் அண்ணே? ஆரம்பத்திலிருந்தே இது அந்தஸ்து விவகாரம். வளைவு இருந்தால் முதலாளி, தட்டையாக இருந்தால் மாணவன்.

மரத்தூள்:
ஜூனியரில் மேலே ஒட்டும் மேப்பிள் மூடியே கிடையாது, மகோகனி மரம் மட்டும். அது வேறு கதை. 1983-இல் வந்த லெஸ் பால் ஸ்டூடியோவைப் பாருங்கள். விலை குறைக்க ஓரப் பட்டையை எடுத்தார்கள், வளைவை எடுக்கவில்லை. ஏன்? கனமான மேப்பிள் இருந்தது, வெனீர் இல்லை. என் கட்சிக்குத்தான் சாட்சி.

ராவணன்_வீணை:
கிப்சனின் மலிவுப் பிராண்டான எபிஃபோனின் லெஸ் பால் ஸ்டாண்டர்டில் மேப்பிள் மூடியின் மேல் கோடு போட்ட வெனீர் ஒட்டியிருக்கிறது. முகம் வளைந்துதான் இருக்கிறது. வெனீர் வளையாது என்று அதன் முன்னால் போய்ச் சொல்லுங்கள்.

மரத்தூள்:
எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நல்ல செதுக்கலில் முகம் நடுவிலிருந்து இறங்கி, ஓரத்துக்கு முன் ஒரு பள்ளம் விழுந்து, மறுபடி லேசாக மேலே ஏறும். வயலினில் இருப்பது போல. அந்தப் பள்ளம்தான் விஷயம். மெதுவாகச் சரிகிற மேட்டில் வெனீரை அழுத்தி ஒட்டிவிடலாம். ஆழமான பள்ளத்தில் முடியாது. விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ராவணன்_வீணை:
அப்படியா? பிஆர்எஸ் எஸ்இ கஸ்டம் 24-இல் முதலில் ஓரச் சரிவு மட்டும் இருந்தது. பிறகு அதற்கே ஆழம் குறைந்த வயலின் வளைவு கொடுத்தார்கள். மேலே இருப்பது இன்றும் வெனீர்தான். திடீரென்று எப்படி வளைந்தது?

மரத்தூள்:
"ஆழம் குறைந்த" என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள். நன்றி.

ராவணன்_வீணை:
"வளையாது" என்று சொன்னவர் இப்போது "ஆழமாக வளையாது" என்கிறார். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

மரத்தூள்:
மரம் தெரிந்தவனுக்கு அது ஒன்றுதான். இதையும் கேளுங்கள்: முகம் மேடானால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உயரும், கழுத்தான நெக்கைச் சாய்த்துப் பொருத்த வேண்டும். மின் பாகங்களுக்காக உள்ளே குடைகிற அறையும் சாய வேண்டும், இல்லையென்றால் நீளத் தண்டு பொட்டென்ஷியோமீட்டர், அதாவது ஒலி திருகி, தேட வேண்டும். எல்லாம் கூடுதல் வேலை. ஆனால் முதல் காரணம் வெனீர்.

ரிதம்_மட்டும்:
இந்தக் கூடுதல் வேலையைத்தான் ராவணன் முதல் பதிவில் "நேரம்" என்றார். நீங்கள் அதைத் தப்பு என்றீர்கள்.

மரத்தூள்:
அவர் சொன்னது வெட்டுகிற நேரம். நான் சொல்வது பொருத்துகிற வேலை. படித்துவிட்டு வாருங்கள்.

நான்காம்_ஃப்ரெட்:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் 1954-லேயே முதுகும் முன்கைப் பக்கமும் குடைந்திருந்தது. ஃபெண்டரின் மலிவுப் பிராண்டான ஸ்குவையரிலும் அது உண்டு. அங்கே மட்டும் ஏன் விலைப் பிரிவினை இல்லை?

பழைய_பெருக்கி:
அந்தக் குடைவைக் கேட்டு வாங்கியவர் பில் கார்சன். அவர் கிட்டார் வாசிப்பவர், அதனால் உடம்புக்கு எது தேவை என்று தெரியும். எந்திரத்துக்குத் தெரியாது.

ரிதம்_மட்டும்:
கார்சன் இல்லை, ரெக்ஸ் கேலியன் என்ற இன்னொரு கிட்டார்காரர் என்றும் சொல்வார்கள்.

பழைய_பெருக்கி:
கார்சன்.

ரிதம்_மட்டும்:
ஃபெண்டரின் முந்தைய மாடலான டெலிகாஸ்டரின் கூரான ஓரம் விலா எலும்பில் குத்துகிறது என்று கேலியன் புகார் சொன்னதாகத்தான் கதை.

மரத்தூள்:
யார் கேட்டால் என்ன, ஸ்ட்ராட்டில் பெரும்பாலும் பெயின்ட்தான், வெனீர் இல்லை. அதனால் மலிவிலும் குடைய முடிகிறது. மறுபடியும் என் கட்சிதான்.

ராவணன்_வீணை:
நாளைக்கு நெக் உடைந்தாலும் வெனீர்தான் காரணம் என்பீர்கள்.

பழைய_பெருக்கி:
கார்சன்தான். இந்த வாரமே தனி இழை தொடங்குகிறேன், அங்கே வந்து பேசுங்கள்.