தாத்தாவின் டட்சன் பக்கிக்கு ஸ்க்ராப்யார்டு பாகங்கள்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது?

டட்சன் பேரன் (சாட்ஸ்வர்த், டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா ஓட்டிய டட்சன் 1200 பக்கி 14 வருடமாக கராஜில் தூங்குகிறது (வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக: பிக்கப்பை இங்கே பக்கி என்றுதான் சொல்வோம்). 1976 மாடல். டொங்காட் தோட்டத்திலிருந்து கீரையும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு வார்விக் விடியற்காலைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி, பின்பலகையில் அவர் கையால் எழுதிய எண் இன்னும் அழியவில்லை. அதை மறுபடி ஓட வைக்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

நிலைமை இது: எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் தண்ணீர் போகிற ஓட்டைகளைச் சுற்றி அலுமினியம் அரித்துப் போயிருக்கிறது, இடது கதவின் அடிப்பாகம் துருவாகவே கொட்டுகிறது, பிரேக் மிதித்தால் மிதித்தபடியே தரைக்குப் போகிறது. ஊருக்கு வெளியே ஒரு யார்டில் நிசான் 1400 எஞ்சின், ஒரு கதவு, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற பாகம்), பின்சக்கர பிரேக் ட்ரம் இரண்டு, எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். சித்தப்பா "பழைய சாமானே வேண்டாம்" என்கிறார், நண்பன் "எல்லாமே பழசு போடு, ஒரிஜினல்தான் தாங்கும்" என்கிறான். கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பெனோனி அண்ணன்

சித்தப்பா சொல்வதுதான் சரி. எல்லாம் புதுசாக வாங்கு தம்பி, தலைவலி இருக்காது.

வெல்டிங் கை (ஃபீனிக்ஸ்)

பெனோனி அண்ணன் கோபிக்கக்கூடாது, ஆனால் கதவு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிங்கர் வேலையில் 22 வருடம் இருக்கிறேன். இந்த மாதிரிப் பழைய வண்டிகளுக்கு இப்போது புதிதாக அடித்து விற்கிற தகரம் பல நேரம் மெல்லிசு, மடிப்பு சரியான இடத்தில் விழாது, கதவை மாட்டிவிட்டு இடைவெளியைச் சரிசெய்யவே இரண்டு நாள் போகும். நல்ல பழைய கதவு கிடைத்தால் கீல் போல்ட்டை முடுக்கினதும் அது தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

ஆனால் எங்கே இருந்த கதவு என்று கேள். டர்பன் உப்புக் காற்றில் 40 வருடம் நின்ற வண்டியின் கதவும் உன் கதவும் ஒன்றுதான், அதற்குப் பணம் கொடுக்காதே. கடலுக்குத் தள்ளி வறண்ட உள்நாட்டில் இருக்கிற கிம்பர்லி, ப்ளூம்ஃபொன்டெய்ன், அப்பிங்டன் பக்கத்திலிருந்து வந்த வண்டியாக இருந்தால் பெயின்ட் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருக்கும், ரப்பரெல்லாம் வெடித்திருக்கும், ஆனால் தகரம் கல்லாட்டம் இருக்கும். கூரியர் செலவோடு சேர்த்தாலும் அதுதான் மலிவு.

போகும்போது ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போ. கதவின் கீழ் விளிம்பில் ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாக நகர்த்து. எங்கே பிடி விட்டுப் போகிறதோ அங்கே உள்ளே இருப்பது தகரமில்லை, துருவை மறைக்கப் பூசிய பட்டி. அப்புறம் கதவைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் சின்ன ஓட்டைகளைப் பார். அவை மண்ணால் அடைத்திருந்தால் தண்ணீர் வருடக்கணக்கில் உள்ளேயே நின்றிருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி, கைப்பிடி, கண்ணாடி ஏற்றி இறக்குகிற பொறி, இதெல்லாம் பழசே போதும்.

பழைய ஸ்பேனர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, நீ சொன்ன நான்கு சாமானில் ஒன்றை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வா. அந்த மாஸ்டர் சிலிண்டர்.

தொண்ணூறுகளில் நானே ஒரு யார்டில் பழைய மாஸ்டர் சிலிண்டர் வாங்கி மாட்டினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது, கராஜில் மிதித்துப் பார்த்தபோது பெடல் கல் மாதிரி நின்றது, ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வண்டியில் இருக்க ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பைன்டவுன் பக்கம் இறங்குகிறேன், பாதி இறக்கத்தில் முன்னால் ஒரு லாரி மெதுவாக, கொஞ்சம் அழுத்தி மிதித்தேன், பெடல் அப்படியே அமுங்கித் தரையைத் தொட்டது. இரண்டாம் கியருக்குத் தள்ளி, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடது ஓரமாக மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கை வியர்க்கிறது.

காரணம் என்ன தெரியுமா? பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி வருடக்கணக்கில் சும்மா நின்றால் அந்த ஈரம் சிலிண்டருக்குள் அடியில் தங்கி, இரும்பில் ஊசி குத்தியது போல் சின்னச் சின்னக் குழியாக அரிக்கும். தினசரி ஓட்டத்தில் உள்ளே இருக்கும் ரப்பர் கப் கொஞ்ச தூரம்தான் நகரும், அந்த இடம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். என்றாவது ஒருநாள் ஆழமாக மிதிக்கும்போதுதான் கப் அந்தக் குழிகள் இருக்கிற இடத்துக்குப் போகும், விளிம்பு கிழியும், அழுத்தம் போய்விடும். அதாவது கராஜில் சோதித்தால் நன்றாக இருக்கும், அவசரத்தில் மிதிக்கிற அந்த ஒரு தடவைதான் கைவிடும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பிரேக் லைனிங், ஸ்டியரிங் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், சீட் பெல்ட், இவை எல்லாம் புதுசுதான். இதில் பேரமே கிடையாது.

ட்ரம்? அதைத் தாராளமாகப் பழசு வாங்கலாம், அது வெறும் வார்ப்பிரும்பு. ஒரு கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டிப் பார். கோவில் மணி மாதிரி நீளமாக ஒலித்தால் நல்லது, "டப்" என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். அப்புறம் உள்விளிம்பில் நகத்தை ஓட்டு, லைனிங் தேய்த்த இடத்துக்கும் தேய்க்காத இடத்துக்கும் நடுவில் படி மாதிரி நகம் தட்டினால் அது ஏற்கனவே நிறையத் தேய்ந்தது. உள்விட்டத்தை அளந்து, அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தால் மட்டும் கடைசல்காரரிடம் கொடு.

இனி எஞ்சின். உன் வண்டியில் இருப்பது ஏ12 என்கிற எஞ்சின், 1171 சிசி. நிசான் 1400 பக்கியில் இருப்பது அதே குடும்பத்து ஏ14, 1397 சிசி. அந்த பக்கி இங்கே 2008 வரை ரோஸ்லின் தொழிற்சாலையில் தயாராகி வந்துகொண்டிருந்தது, அதனால்தான் பாகம் இன்னும் கிடைக்கிறது, இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். வாங்குவதற்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்புற புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. வழியில் எங்காவது தட்டி நின்றால் வேண்டாம். ரேடியேட்டர் ஹோஸ் வாயில் விரலை விட்டுப் பார், செம்மண் மாதிரி குழம்பு வந்தால் அந்த எஞ்சினும் வெறும் குழாய்த் தண்ணீரில் ஓடியதுதான், உன் ஹெட்டை அரித்ததும் அதுவேதான். கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. ஹெட்டைக் கழற்ற அவர்கள் சம்மதித்தால் நேரான இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பார், 0.1 மில்லிமீட்டர் தகடு சுலபமாக உள்ளே போனால் ஹெட் வளைந்திருக்கிறது, அதைச் சீவிச் சமமாக்க மில்லிங் செய்தாக வேண்டும், அந்தச் செலவை விலையில் கழி.

பெனோனி அண்ணனுக்கு ஒரு வார்த்தை: ரப்பருக்கும் பிரேக்குக்கும் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இரும்புக்கு இல்லை.

வெருலம் அக்கா

காகிதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! தம்பி, எஞ்சினை மாற்றினால் எஞ்சின் எண்ணும் மாறும், அதைப் பதிவில் மாற்றப் போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும். 2009ஆம் வருடத்துப் பழைய பொருள் சட்டப்படி யார்டு போலீஸில் பதிவு செய்திருக்க வேண்டும், யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று பதிவேடும் வைத்திருக்க வேண்டும். ஆகவே ரசீதில் கடை பெயர், பதிவு எண், எஞ்சின் எண் மூன்றும் எழுதி வாங்கு. எண்ணை அரத்தால் ராவியிருந்தாலோ, "ரசீது எதற்கு அண்ணா, கேஷ் கொடு" என்றாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. என் அண்ணன் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு எஞ்சின் வாங்கி ரசீதைத் தொலைத்துவிட்டு எட்டு மாதம் அலைந்தார், வண்டி தயார், ரோட்டில் இறக்க முடியவில்லை.

இன்னொன்று, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் முழுகிய எத்தனையோ வண்டிகள் அப்புறம் யார்டுகளுக்குத்தான் போயின. டைனமோ, ஸ்டார்ட்டர், வயரிங் வாங்கும்போது வயர் நுனியைக் கொஞ்சம் சீவிப் பார், செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் தண்ணீர் ஏறியது.

டட்சன் பேரன்

ஸ்பேனர் மாமா, அக்கா, வெல்டிங் அண்ணா, ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: ஏ14 என் வண்டியில் அப்படியே உட்காருமா?

பழைய ஸ்பேனர்

உட்காரும். ஆனால் ஏ14 பிளாக் உன்னுடையதைவிடச் சுமார் 15 மில்லிமீட்டர் உயரம், அதனால் எக்ஸாஸ்ட் பைப்பைக் கொஞ்சம் வெட்டி ஒட்டவேண்டி வரும், ஏர் ஃபில்டர் பானட்டில் இடிக்கிறதா என்று களிமண் உருண்டை வைத்து மூடிப் பார். உன் பழைய ஏ12 பிளாக்கைத் தூக்கிப் போட்டுவிடாதே. எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி வை. தாத்தா ஓட்டிய எஞ்சின் அது, கையில் காசு வரும்போது அதையே எடுத்துச் செய்யலாம்.

டட்சன் பேரன்

சனிக்கிழமை போய்வந்தேன். கதவில் காந்தம் பாதி வழியிலேயே நழுவி விழுந்தது, விட்டுவிட்டேன். ஒரு ட்ரம் மணியாக ஒலித்தது, இன்னொன்று செத்த சத்தம், ஒன்றை மட்டும் எடுத்தேன். எஞ்சின் இரண்டு சுற்றும் தடையில்லாமல் சுற்றியது, எண் தெளிவாக இருந்தது, ரசீது அம்மாவின் சாமி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரை இலவசமாகவே தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், புதுசுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. கிம்பர்லி பக்கம் இடது கதவு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.