பிரதேச செயலகத்தில் ஃபயர்வோல் உரிமம் முடிகிறது: ஓபிஎன்சென்ஸுக்கு மாறலாமா?

தீவகத்துப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். கணனி, நெற்வேர்க் எல்லாம் பார்ப்பது நான் ஒருத்திதான். கணக்குக் கிளை, காணிக் கிளை, சமுர்த்திக் கிளை எல்லாம் ஒரே நெற்வேர்க்கில் இருக்கின்றன. நெற்வேர்க்கை வெளித் தாக்குதலிலிருந்து காக்கும் ஃபயர்வோலின் உரிமம் விரைவில் முடிகிறது. புதுப்பிக்கும் விலை டொலரில் வந்திருக்கிறது, வோட்டில் (ஒதுக்கீட்டில்) அதற்குக் காசில்லை என்று கணக்காளர் சொல்லிவிட்டார். ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வோல் மென்பொருளைப் போடலாமா என்று கேட்டேன். "சும்மா வருகிற சாமானை நம்பிச் சனத்தின் காணிப் பதிவுகளை வைக்கலாமோ?" என்று செயலாளர் திருப்பிக் கேட்டார். அவருக்கு ஒழுங்கான பதில் கொடுக்க வேண்டும். கடலுக்கு அப்பால் ஒரு கிளைக் கந்தோரும் இருக்கிறது, அங்கே 4ஜி டொங்கிள் மட்டும்தான். அதையும் இணைக்க வேண்டும்.

கோண்டாவில்:
செயலாளர் கேட்டது சரியான கேள்வி. சேர்வர்களில் போடும் இலவச இயங்குதளமான சென்டோஸ் 8க்கு 2029 வரை ஆதரவு என்றார்கள், 2021 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி சேர்வர் போட்ட கந்தோர்கள் அந்தரப்பட்டன. எதைப் போட்டாலும் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

பழைய கேபிள்:
பிள்ளை, நான் மாகாணத்துக் கந்தோர்களில் நெற்வேர்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாராளமாக மாறலாம். ஆனால் "இலவசம்" என்ற சொல்லைச் செயலாளரிடம் கொண்டு போகாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது. அந்த வருஷம் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்த கந்தோர்களின் மதிப்பீடு முழுக்கக் குழம்பிப் போனது. டொலர் ஏறினாலும் இறங்கினாலும் கந்தோர் தன் காலில் நிற்கும் என்று சொல்லுங்கள், அவருக்கு விளங்கும்.

ஓபிஎன்சென்ஸ் 2015இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வோல் மென்பொருளிலிருந்து பிரிந்தது. அடியில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். பழைய டெஸ்க்டொப் ஒன்று போதும், ஆனால் நெற்வேர்க் கார்ட் இன்டெல்லாகப் பாருங்கள். ரியல்டெக் கார்ட் ஃப்ரீபிஎஸ்டியில் வேலை நேரத்தில் காலை வாரிவிடும். நிறுவும்போது ஸெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுங்கள், கரண்ட் சட்டென்று போனாலும் கோப்புகள் சிதைவது குறைவு. யூபிஎஸ்ஸின் யுஎஸ்பி வயரைப் பெட்டியில் செருகி நட் என்ற செருகுநிரலைப் போட்டால், மின்கலம் தீரும் முன் பெட்டி தானாக ஒழுங்காக அணைந்துவிடும். எல்ஜிஎன் (லங்கா அரசாங்க வலையமைப்பு) இணைப்பு இருந்தால் அவர்களின் ரவுட்டரில் கை வைக்காதீர்கள். உங்கள் பெட்டி அதற்குப் பின்னால் நிற்கட்டும். முதல் வேலையாகக் காணிக் கிளையையும் கணக்குக் கிளையையும் தனித்தனி விலானில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் நெற்வேர்க்) பிரியுங்கள். காணிப் பதிவுக்கு அதுதான் பெரிய பாதுகாப்பு.

நெற்வேர்க்கைக் கண்காணித்துக் கிராஃப் காட்ட லிப்ரெஎன்எம்எஸ் அல்லது ஸாபிக்ஸ் மென்பொருள். தீவகத்தில் இது மிக முக்கியம், உப்புக்காற்று நெற்வேர்க் வயரின் ஆர்ஜே45 முனைகளைத் தின்றுவிடும். "கணனி ஸ்லோ" என்று முறைப்பாடு வரும், பிங் (இணைப்புச் சோதனை) ஒழுங்காகப் போகும், ஒன்றும் பிடிபடாது. கிராஃபில் அந்தப் போர்ட்டின் பிழைக் கணக்கு மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். முனையைக் கழற்றிப் பார்த்தால் ஊசிகள் பச்சை பிடித்திருக்கும். வெட்டிப் புது முனை அடித்தால் கணக்கு நின்றுவிடும். கிராஃப் இல்லாத கந்தோரில் இதே கோளாறுக்குக் கணனியையே மாற்றுவார்கள்.

பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கோண்டாவில் கேட்டது நியாயம். ஆனால் எங்கள் கந்தோர்களில் நெற்வேர்க் சாவது மென்பொருள் நின்று போவதால் அல்ல. பார்த்தவருக்கு இடமாற்றம் வந்துவிடும், கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். பிறகு வருபவர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவார். இதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன். ஓபிஎன்சென்ஸின் முழு அமைப்பும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு. எதையாவது மாற்றினால் அன்றைக்கே அதை இறக்கிக் குறியாக்கம் செய்து, கந்தோருக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள். சுவிட்ச் அமைப்புகளை ஒக்ஸிடைஸ்ட் என்ற மென்பொருள் தானாகவே எடுத்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் சேர்க்கும். கடவுச்சொல்லை உறையில் முத்திரையிட்டுச் செயலாளரின் இரும்புப் பெட்டியில் கொடுங்கள். எந்த விலான் எந்தக் கிளைக்கு, ஏன் அப்படி என்பதைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதுங்கள், கணக்காய்வுக்கும் அது உதவும். 2023 ஆகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கியபோது மே நடுப்பகுதியிலிருந்து வந்த மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை.

தீவகத்துப் பிள்ளை:
நன்றி அண்ணை. கிளைக் கந்தோருக்கு என்ன செய்யலாம்? டொங்கிளுக்குப் பொது ஐபி (வெளியிலிருந்து நேரே அணுகும் முகவரி) இல்லை. பழைய உரிமம் முடியும் நாளில் இணைப்பு நின்றுவிடுமா?

பழைய கேபிள்:
பெரும்பாலான பெட்டிகளில் போக்குவரத்து ஓடும், தாக்குதல்களை அடையாளம் காணும் கையொப்பப் புதுப்பிப்பும் தள வடிகட்டலும்தான் நிற்கும். உங்கள் மொடலுக்கு எப்படி என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். புதியதைச் சனிக்கிழமை மாற்றுங்கள், பழையதைக் கொஞ்ச நாள் அலுமாரியில் வையுங்கள்.

கிளைக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் (இரு கந்தோருக்கிடையே குறியாக்கம் செய்த இணைப்பு). அங்கே ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் ஓடும் சின்ன ரவுட்டர் ஒன்று. பொது ஐபி உங்கள் பக்கம் இருந்தால் போதும், அங்கிருந்து இங்கே அழைக்கட்டும். பொது ஐபி உங்களுக்கும் இல்லையென்றால் முதலில் இணைப்புத் தருபவரிடம் கேட்டு எடுக்க வேண்டும். கிளை ரவுட்டரில் இணைப்பை விழிப்பாக வைக்கும் பெர்சிஸ்டன்ட் கீப்பலைவை 25 செக்கனாக வையுங்கள், இல்லாவிட்டால் 4ஜிக்காரரின் நாட் (முகவரி மாற்றும் முறை) சிறிது நேரத்தில் இணைப்பை மறந்துவிடும். எம்டியு (ஒரு தரவுப் பொதியின் உச்ச அளவு) வழக்கமாக 1420 பைட். பிங் போகிறது, பெரிய பிடிஎஃப் மட்டும் திறக்கவில்லை என்றால் அதை 1380க்குக் குறைத்துப் பாருங்கள்.